இருபதாயிரம் டாலர் வீடு: சாமுவேல் மாக்பியும் அலபாமாவின் கிராமக் கட்டடக்கலையும்

செல்வ வளம் மிக்க நாடுகளில் குடியிருப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று கருதுவோர் பலர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் மேற்கே அமைந்துள்ள ஹேல் மாவட்டத்தின் வரலாறு இக்கருத்துக்கு மாறானது. சுமார் 15,000 மக்கள் வாழும் இம்மாவட்டம் 'பிளாக் பெல்ட்' எனப்படும் கரிய மண் பகுதியைச் சேர்ந்தது. அடிமைகளின் உழைப்பால் பருத்தி விளைந்த காலத்தில் பெருநிலக்காரர்கள் இங்கு மாளிகைகளை எழுப்பினர். அடிமை முறை ஒழிந்த பின்னரும் நிலம் பெரும்பாலும் கைமாறவில்லை. முன்பு அடிமைகளாக இருந்தவர்கள் அதே நிலத்தை வாரத்துக்குப் பயிரிடுவோராக மாறினர். காலப்போக்கில் ஏழை வெள்ளையர்களும் அவர்களோடு சேர்ந்தனர்.

1936-ம் ஆண்டு கோடையில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் புகைப்படக் கலைஞர் வாக்கர் எவன்ஸும் இம்மாவட்டத்துக்கு வந்து, வாரத்துக்குப் பயிரிட்ட மூன்று வெள்ளையர் குடும்பங்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தனர். 1941-ல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரும், குழாய் நீரோ கழிப்பறையோ இல்லாத மரக் குடிசைகள் ஹேல் மாவட்டத்தில் இருந்தன. அவற்றில் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1993-ல் ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு இங்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் சாமுவேல் மாக்பி.

மாக்பியின் பின்னணி

மாக்பி 1944-ம் ஆண்டு டிசம்பரில் அலபாமாவின் அண்டை மாநிலமான மிசிசிப்பியில் மெரிடியன் என்னும் ஊரில் பிறந்தார். பல தலைமுறைகளாக அம்மாநிலத்தில் வாழ்ந்த வெள்ளையர் குடும்பம் அவருடையது. இராணுவத்தில் இரண்டாண்டுகள் பணிபுரிந்த பின், அலபாமாவிலுள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்து 1974-ல் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். மிசிசிப்பிக்குத் திரும்பி, முதலில் தாமஸ் குட்மன் என்பவருடனும் பின்னர் கோல்மன் கோக்கர் என்பவருடனும் கூட்டாகத் தொழில் நடத்தினார். வசதி படைத்தோருக்கு அவர் வடிவமைத்த வீடுகள் பாராட்டும் பரிசும் பெற்றன. அவர் ஓவியரும் ஆவார். கிராமப்புறக் கறுப்பின மக்களைத் தம் ஓவியங்களில் விரும்பித் தீட்டினார்.

அவருடைய பாதையைத் திருப்பியது 1982-ல் நடந்த ஒரு சிறு பணி எனலாம். மிசிசிப்பியின் மேடிசன் மாவட்டத்தில், குடியிருக்கத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட வீடுகளைப் பெயர்த்துச் சென்று செப்பனிடும் முயற்சியில் ஒரு கத்தோலிக்கக் கன்னிமார் ஈடுபட்டிருந்தார். மாக்பி அவருக்கு உதவினார். நன்கொடையாகவும் இடிபாடுகளிலிருந்தும் கிடைத்த பொருள்களைக் கொண்டு, தொண்டர்களின் உழைப்பால், 7,000 டாலரில் அங்கு ஒரு புதிய வீடும் எழுந்தது. இதன் தொடர்ச்சியாக, அதே மாவட்டத்தின் ஏழைக் குடும்பங்களுக்கென மூன்று வீடுகளை மாக்பியின் நிறுவனம் வடிவமைத்தது. அவ்வடிவமைப்புக்கு 1987-ல் ஒரு முன்னணிக் கட்டடக்கலை இதழின் விருது கிடைத்தது. வீடுகளைக் கட்டுவதற்கு நிதி கிடைக்கவில்லை. பின்னர் பேராசிரியர் பணியை அவர் ஏற்றதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

மாணவர் கட்டிய வீடுகள்

ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1991-ல் பேராசிரியராகச் சேர்ந்த மாக்பி, சக பேராசிரியர் டி. கே. ரூத்துடன் சேர்ந்து 'ரூரல் ஸ்டுடியோ' என்னும் கிராமப்புறக் கட்டடக்கலைப் பயிற்சிக் கூடத்தை நிறுவினார். இதன் அடிப்படை எளிதானது. கட்டடக்கலை மாணவர் காகிதத்தில் வரைந்து மதிப்பெண் பெற்றுச் செல்வதற்கு மாறாக, பல்கலைக்கழகத்திலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஒரு கிராமத்தில் தங்க வேண்டும். அங்குள்ள ஒரு குடும்பத்தோடு பேசிப் பழகி, அதற்கான வீட்டைத் தாமே வடிவமைத்துத் தம் கையாலேயே கட்டி முடிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு பருவம் தங்கினர். இறுதியாண்டு மாணவர்கள் ஓராண்டும் அதற்கு மேலும் தங்கினர். தொடக்கத்தில் பயனாளிகளைத் தேர்ந்தெடுக்க மாவட்டச் சமூக நலத் துறையின் உதவி பெறப்பட்டது.

முதல் வீடு 1994-ல் மேசன்ஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் எழுந்தது. பேரக் குழந்தைகளை வளர்த்துவந்த ஒரு முதிய தம்பதியருக்காக அது கட்டப்பட்டது. உலர்புல் கட்டுகளை நீர் புகாத உறையில் பொதிந்து செங்கல் போல் அடுக்கி, மேலே பூச்சுப் பூசிச் சுவர் எழுப்பினர். தடித்த இச்சுவர்கள் கோடையில் வெப்பத்தையும் குளிர்காலத்தில் குளிரையும் தடுத்தன. முன்புறத்தில் அகன்ற தாழ்வாரமும், பின்புறத்தில் குழந்தைகளுக்கென வளைந்த கூரையுடைய மூன்று சிற்றறைகளும் அமைந்தன. அருகிலேயே ஒரு மாணவர், உடைந்த கான்கிரீட் துண்டுகளையும் வண்ணப் புட்டிகளையும் கொண்டு, இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்தும் சிறு கட்டடம் ஒன்றைக் கட்டினார். அதன் செலவு 140 டாலர்.

தொடர்ந்து வந்த கட்டடங்களிலும் கழிவுப் பொருள்களே கட்டுமானப் பொருள்களாயின. 1995-ல் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் சுவர்கள், மண் நிரப்பிய பழைய மோட்டார் டயர்களால் ஆனவை. 1997-ல் கட்டப்பட்ட வீட்டின் கூரை, மழைநீரைச் சேகரிப்பதற்காக வண்ணத்துப்பூச்சியின் சிறகு போல் இருபுறமும் உயர்த்தி அமைக்கப்பட்டது. 2000-ம் ஆண்டில் மேசன்ஸ் பெண்டில் கட்டப்பட்ட சமூகக் கூடத்துக்குச் சுவர் தட்டிக் கெட்டித்த மண். கூரையின் ஒரு பகுதி, பழைய செவர்லே கார்களின் 80 முன்கண்ணாடிகள். அவற்றைச் சிகாகோவிலுள்ள பழைய இரும்புக் கிடங்கொன்றிலிருந்து 120 டாலருக்கு மாணவர்கள் வாங்கி வந்தனர்.

ஏழைக்கு எதுவாயினும் போதும் என்ற மனப்பான்மையை மாக்பி ஏற்கவில்லை. செல்வராயினும் ஏழையாயினும் ஒவ்வொருவரும் ஆன்மாவுக்கு இதமளிக்கும் ஓர் உறைவிடத்துக்கு உரியவர் என்பது அவர் பலமுறை வலியுறுத்திய கருத்து. 2000-ம் ஆண்டில் மெக்கார்தர் அறநிலையத்தின் புகழ்பெற்ற ஆய்வுதவி அவருக்குக் கிடைத்தது. ஆனால் 1998-லேயே இரத்தப் புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 2001-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் நாள், தம் 57-வது வயதில் அவர் காலமானார். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் தன் தங்கப் பதக்கத்தை அவர் மறைவுக்குப் பின் 2004-ல் அவருக்கு வழங்கிற்று.

எழுந்த கேள்விகள்

இக்கட்டடங்களின் புகைப்படங்கள் உலகெங்கும் இதழ்களில் வெளிவந்தன. புகழுரைகளுக்கிடையே சில கேள்விகளும் எழுந்தன. வசதியான குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளைத் தம் சோதனைக்குக் களமாக்குவது தகுமா? காரின் முன்கண்ணாடி உடைந்தால் இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே அளவில் மற்றொன்று எங்கே கிடைக்கும்? நன்கொடையும் கூலியில்லா மாணவர் உழைப்பும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு வீடு கட்டினால், காத்திருக்கும் மற்றவர்களுக்கு எப்போது வீடு கிடைக்கும்?

முதற் கேள்விக்கு மாக்பி தரப்பில் விடை இருந்தது. பயனாளியும் மாணவரும் ஒருவரையொருவர் அறிந்து மதிப்பதே பயிற்சியின் நோக்கம் என்றனர். அது ஓரளவு ஏற்கத்தக்கதே. மூன்றாவது கேள்வி அவ்வளவு எளிதில் தீரக்கூடியதன்று. ஒரு வீட்டை அழகாகவும் மலிவாகவும் கட்ட முடியும் என்று காட்டுவது ஒன்று. சந்தையில் ஓர் ஏழை அதை வாங்க முடியுமாறு செய்வது முற்றிலும் வேறொன்று.

மாக்பிக்குப் பின் பயிற்சிக் கூடத்தின் பொறுப்பை ஏற்றவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஃப்ரியர். அவர் தலைமையில் பணியின் போக்கு மாறியது. தீயணைப்பு நிலையம், ஊர் மன்றக் கட்டடம், பூங்கா போன்ற பொதுக் கட்டடங்கள் எழுந்தன. நியூபர்ன் என்னும் சிற்றூரில் 2004-ல் கட்டப்பட்ட தீயணைப்பு நிலையமே அவ்வூரில் நூறாண்டுகளுக்கு மேல் இடைவெளிக்குப் பின் எழுந்த முதல் பொதுக் கட்டடம் ஆகும். அவ்வூரின் பழைய வங்கிக் கட்டடம் 2013-ல் நூலகமாக மாற்றப்பட்டது. பழைய கண்ணாடிக்கும் டயருக்கும் பதில், நீடித்து உழைக்கும் மரமும் தகரமும் பயன்பட்டன.

ஓர் எண்ணிலிருந்து தொடங்கிய வடிவமைப்பு

2005-ல் மாணவர்களிடம் ஒரு புதிய வினா வைக்கப்பட்டது. 20,000 டாலருக்கு ஒரு வீட்டைக் கட்ட முடியுமா? கூலியில்லா உழைப்பையும் நன்கொடைப் பொருளையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஓர் உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து, தமக்கும் இலாபம் எடுத்துக்கொண்டு கட்டக்கூடியதாக அது இருக்க வேண்டும். சுமார் 12,000 டாலர் பொருள்களுக்கும், எஞ்சியது கூலிக்கும் இலாபத்துக்கும் என்று வகுக்கப்பட்டது.

20,000 என்ற எண் தன்னிச்சையாக எழுந்ததன்று. முதுமைக்கால அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழும் ஒருவர் மாதந்தோறும் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு செலுத்த இயலும் என்ற கணக்கிலிருந்து அது வந்தது. அத்தொகை சுமார் 100 டாலர். 20,000 டாலர் கடனை 4.5 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை 101 டாலர் ஆகிறது. வழக்கமாக வீட்டை வடிவமைத்த பின் விலை கணக்கிடப்படும். இங்கு வாங்குபவரின் வருவாயிலிருந்து விலையும், விலையிலிருந்து வடிவமும் பிறந்தன. திட்டமிடுவோர் கருதிப் பார்க்கத்தக்க வரிசைமுறை இது.

இவ்வீட்டுக்குப் போட்டியாக இருந்தது மற்றொரு மர வீடன்று. அமெரிக்கத் தென்பகுதியின் ஏழைகள் பெருமளவில் வாங்குவது ஆலையில் தயாரித்துச் சாலை வழியே இழுத்துவந்து நிறுத்தப்படும் 'டிரெய்லர்' வீடு. கடையில் பார்த்து அன்றே கடனுக்கு எழுதிவிடலாம். ஆனால் அது பெரும்பாலும் நிலத்தோடு சேர்ந்த வீடாகக் கருதப்படாமல் வாகனத்தைப் போன்ற அசையும் பொருளாகவே பதிவாகிறது. ஆகவே வட்டி கூடுதல். மதிப்போ ஆண்டுதோறும் குறையக்கூடியது. கடனை அடைத்து முடிக்கும் வேளையில் கையில் எஞ்சுவது சொத்தன்று, பழைய தகரம்.

ஆண்டுதோறும் ஒரு குழு மாணவர் முந்தைய வீட்டைத் திருத்தி அடுத்ததைக் கட்டினர். பெரும்பாலானவை சுமார் 500 முதல் 600 சதுர அடி வரை பரப்புள்ள ஒற்றைப் படுக்கையறை வீடுகள். தரையிலிருந்து உயர்ந்த தூண்கள், உயரமான உட்கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள், முன்தாழ்வாரம் ஆகியவை அப்பகுதியின் பழைய வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அடித்தள உத்தரங்கள் தூண்களுக்கு அப்பால் சற்று நீட்டப்பட்டதால் மரமும் கான்கிரீட்டும் மிச்சமாயின. முதல் வாசகர் பார்வைக்கு இது சாதாரண வீடாகவே தோன்றும். அதுவே நோக்கமும் ஆகும். வெதுவெதுப்பு, ஈரமின்மை, கண்ணியம் ஆகிய மூன்றும் ஒரு வீட்டுக்குப் போதும் என்பது அங்குள்ளோர் கொண்ட அளவுகோல்.

வீடு மலிந்தது, கடன் மலியவில்லை

கட்டுமானப் பிரச்சினை ஓரளவு தீர்ந்த பின்னரே உண்மையான தடைகள் தென்பட்டன.

முதலாவது, கடன். 20,000 டாலருக்கு வீட்டுக் கடன் தர வங்கிகள் முன்வரவில்லை. நில உரிமையை ஆராய்தல், வீட்டை மதிப்பிடுதல், ஆவணங்களைத் தயாரித்தல் ஆகியவற்றுக்கு வங்கிக்கு ஆகும் செலவு, கடன் 20,000 டாலராயினும் 2,00,000 டாலராயினும் ஏறத்தாழ ஒன்றே. சிறு கடனில் கிடைக்கும் வட்டி அச்செலவை ஈடுசெய்யாது. மேலும், வீட்டின் மதிப்பை அருகில் விற்பனையான அதே போன்ற வீடுகளின் விலையைக் கொண்டே கணக்கிடுவது வழக்கம். இத்தகைய வீடு அதற்கு முன் எங்குமே விற்கப்படாததால் ஒப்பிட எதுவும் இல்லை. மலிவாக இருப்பதே வீட்டின் குறையாகிவிட்டது.

இரண்டாவது, நில உரிமை. தென்பகுதியின் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றின் நிலம், உயில் எழுதாமல் இறந்த முன்னோரிடமிருந்து வந்த பிரிக்கப்படாத வாரிசுச் சொத்தாக உள்ளது. தொலைதூர நகரங்களுக்குப் போய்விட்ட உறவினர் பலருக்கும் அதில் பங்குண்டு. குடியிருப்பவரின் பெயரில் தெளிவான பத்திரம் இல்லாத நிலத்தை எவ்வங்கியும் அடமானமாக ஏற்காது. கூட்டுப் பட்டா நிலங்களைப் பற்றிய மனுக்களைக் கண்ட நம் வருவாய்த் துறையினருக்கு இது புதிய செய்தியாக இராது.

மூன்றாவது, மண்ணுக்கு அடியில் உள்ளது. பிளாக் பெல்ட் பகுதியின் களிமண் நீரை உள்வாங்காது. சாதாரணக் கழிவுநீர்த் தொட்டி அங்கு பயன்படுவதில்லை. மண்ணுக்கு ஏற்ற தனி அமைப்பை நிறுவ ஆகும் செலவு சில இடங்களில் இவ்வீட்டின் விலையையே எட்டிவிடும். 20,000 டாலர் என்பது வீட்டின் சுவரும் கூரையும் தரையும் மட்டுமே.

நான்காவது, விதிமுறைகள். ஹேல் மாவட்டத்தில் கட்டட அனுமதி நடைமுறைகள் கடுமையாக இல்லை. அதற்கு வெளியே இவ்வீட்டின் நிலை என்ன என்பது 2016-ல் தெரிந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா நகருக்கு அருகே செரன்பி என்னும் குடியிருப்பில், தொழில்முறை ஒப்பந்தக்காரரைக் கொண்டு இவ்வகை வீடுகள் இரண்டு கட்டப்பட்டன. வழக்கத்துக்கு மாறான அடித்தளத்தைக் கண்டு ஒப்பந்தக்காரர்களும் அனுமதி வழங்கும் அலுவலர்களும் தயங்கினர். வரைபடம் சொன்னபடி கட்டாமல், தமக்குப் பழகியபடி கட்டவே பணியாளர் முற்பட்டனர். நிலம் சமன்படுத்துதல், கழிவுநீர் இணைப்பு ஆகியவையும் சேர்ந்து மொத்தச் செலவு 20,000 என்ற எண்ணை வெகுவாகக் கடந்தது. அவ்வனுபவத்துக்குப் பின், படம் மட்டும் தந்தால் போதாது, ஒவ்வோர் இணைப்பும் ஏன் அவ்வாறு உள்ளது என்று விளக்கும் கையேடும் உடன் செல்ல வேண்டும் என்பது உணரப்பட்டது.

இந்திய வாசகர் இங்கு ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிகளுக்கு வீடு ஒன்றுக்கு 1,20,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்ட தொகை, பயனாளியின் கணக்கில் தவணைகளாகச் செலுத்தப்படும் மானியம் ஆகும். அமெரிக்கக் கிராமப்புறத்தில் அரசின் உதவி பெரும்பாலும் கடன் வடிவிலேயே வருகிறது. மத்திய வேளாண்மைத் துறையே குறைந்த வருவாயினருக்கு வட்டிச் சலுகையுடன் நேரடி வீட்டுக் கடன் வழங்கினாலும், மனுவும் தகுதி ஆய்வும் நீண்டவை. ஆதலால் நம் நாட்டில் வட்டார வளர்ச்சி அலுவலரின் மேசையில் முடியும் பல சிக்கல்கள், அங்கு வங்கி மேலாளரின் மேசையில் தொடங்குகின்றன. இரு நாடுகளிலும் அலகுச் செலவு என்று அச்சிடப்படும் எண்ணுக்கும் குடும்பம் உண்மையில் செலவிடும் தொகைக்கும் இடையே உள்ள தொலைவு மட்டும் பொதுவானது.

வீட்டின் விலையும் வாழ்வின் செலவும்

அண்மை ஆண்டுகளில் ரூரல் ஸ்டுடியோவின் கவனம் 20,000 என்ற எண்ணிலிருந்து விலகியுள்ளது. மரத்தின் விலையும் கூலியும் ஏறியதால் அது இப்போது ஒரு வகை வீட்டின் பெயராகவே நிலைத்துவிட்டது. 'முன்தாழ்வார முயற்சி' எனப் பொருள்படும் பெயரில் தொடங்கப்பட்ட ஒரு பிரிவு, சோதித்துத் தேர்ந்த வீடுகளின் வரைபடங்களையும் தொழில்நுட்ப உதவியையும் பல மாநிலங்களிலுள்ள உள்ளூர் வீட்டு வசதி அமைப்புகளுக்கு வழங்கி வருகிறது. வீட்டுக் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கும் பெரு நிறுவனமான ஃபேனி மேயுடனும் இணைந்து பணி நடந்துள்ளது. கடன் தருவோரின் கணக்கிடும் முறை மாறாமல் வீட்டின் வரைபடத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று கண்டதன் விளைவு இது.

அக்கணக்கில் விடுபட்டுப் போகும் ஒன்று மின் கட்டணம். அலபாமாவின் கோடையில், காப்பு இல்லாத டிரெய்லர் ஒன்றின் மின் கட்டணம் சில மாதங்களில் வீட்டுத் தவணையையே மிஞ்சிவிடக்கூடும். தவணை நீண்ட காலத்துக்கு மாறாதது. மின் கட்டணமும் பழுதுபார்ப்புச் செலவும் காப்பீட்டுக் கட்டணமும் ஏறக்கூடியவை. வாங்கிய வீட்டை ஏழை இழப்பது பெரும்பாலும் இவற்றாலேயே. இதனை அளந்து பார்ப்பதற்காக, ஆபர்னுக்கு அருகிலுள்ள ஓபெலைக்கா நகரில் உள்ளூர்த் தொண்டு அமைப்புடன் சேர்ந்து, ஒரே வரைபடத்தின்படி இரண்டு வீடுகள் கட்டப்பட்டன. ஒன்று, சுவரும் சன்னலும் காற்றுக் கசியாதவாறு மிகக் கடுமையான எரிசக்தித் தரத்துக்கு உட்பட்டது. மற்றொன்று, அதனினும் சற்றுத் தளர்ந்த, செலவு குறைந்த தரத்துக்கு உட்பட்டது. கட்டும்போது கூடுதலாகச் செலவிட்ட ஒவ்வொரு டாலரும் எத்தனை ஆண்டுகளில் மின் கட்டணச் சேமிப்பாகத் திரும்பி வரும் என்பதைக் கணக்கிட்டுக் கடன் தருவோரிடம் காட்டுவதற்கே இவ்விரு வீடுகளும் அருகருகே கட்டப்பட்டன.